முதலிற் சென்று நிற்போர்க்கு ஒரு பாடம்

விபத்து நிகழ்ந்த இடத்தை முதலிற் சென்றடைபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். ஆம்புலன்ஸ் வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளரும், அதனை ஓட்டி வருபவருமே அங்கு முதலில் நிற்கின்றனர். சில வேளைகளில் அவர்களுக்கும் முன்னதாக ஒரு வழிப்போக்கர் நிற்கின்றார். மருத்துவமனையில் ஒளியுண்டு; கருவியுண்டு; கலந்து பேச மூத்தோர் உண்டு. சாலையோரத்திலோ இருட்டும், கூட்டமும், அழுகுரலும், கையிலுள்ள ஒரு பையுமே உண்டு. அவ்விடத்தில் சில நிமிடங்களுக்குள் எடுக்கப்படும் முடிவையே ஓர் உயிர் நம்பிக் கிடக்கின்றது.

அத்தகைய முடிவை எடுப்பது எங்ஙனம்? எடுத்த பின்னர் அதனோடு வாழ்வது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம். இவை வெவ்வேறானவை போலத் தோன்றினும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதே நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவது. அமைதியான வேளையில் முன்கூட்டியே கற்றுத் தெளிந்த ஒழுங்கு நெருக்கடியிற் கையை நடத்துகின்றது. நெருக்கடி கடந்தபின் மனத்தைக் காப்பதும் அவ்வொழுங்கே.

நம் நாட்டில் 108 என்னும் ஆம்புலன்ஸ் பணி 2005ஆம் ஆண்டு ஐதராபாத்தில் தொடங்கியது. 2008இல் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. உழைக்கும் குடும்பங்களிலிருந்து இளைஞரும் இளம்பெண்களும் இப்பணிக்குச் செல்கின்றனர். ஆகவே இப்பாடம் அவர்களுக்கு மட்டுமன்றி, இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் அவர்களுக்குக் கதவு திறந்துவிடும் தாய் தந்தையர்க்கும் உரியது.

கலங்காமை பிறவிக் குணமா?

நெருக்கடியிற் கலங்காமை சிலர்க்கே பிறவியில் வாய்த்த குணம் என்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க் நகரத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

1960களில் அந்நகரில் நோயாளரைப் பெரும்பாலும் போலீஸ் வண்டிகளே ஏற்றிச் சென்றன. ஏற்றிச் செல்வோர்க்கு மருத்துவப் பயிற்சி மிகச் சிறிதே இருந்தது. 1967இல், கருப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் என்னும் பகுதியை மையமாகக் கொண்டு, ஃபிரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தோன்றியது. வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கும் முறையை ஆராய்ந்து பரப்பியவருள் ஒருவரான மருத்துவர் பீட்டர் சாஃபர் அதற்கான பயிற்சியை வகுத்தார். சேர்ந்தவருட் பலர் வேலையின்றி இருந்த கருப்பினத்தவர். பள்ளிப் படிப்பை முடியாதவரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் உடற்கூறு கற்றனர். மருத்துவமனையில் மருத்துவரோடு நின்று கைப்பழக்கம் பெற்றனர். பின்னர் வண்டியேறி உயிர்களைக் காத்தனர். 1970களின் நடுவில் அதன் மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலைன் அம்மையார், வண்டியில் உடன் சென்றே கற்பித்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய பாடநூல் பாராமெடிக்குகளின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று.

"வேலைக்கு உதவாதவர்" என்று ஊர் ஒதுக்கிய மனிதரே அந்நாட்டின் முதல் பாராமெடிக்குகளுள் இடம் பெற்றனர். அவர்கள் கையின் உறுதி பயிற்சியால் வந்தது. ஆகவே, "எனக்கு இதற்குரிய மனத்திடம் இல்லை" என்று எவரும் தொடக்கத்திலேயே தம்மைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

முதலில் தன்னை நிலைநிறுத்துதல்

அபாயத்தைக் கண்டவுடன் நெஞ்சு விரைந்து துடிக்கின்றது. பார்வை ஒரு புள்ளியிற் குவிந்து, பக்கத்தில் நிகழ்வது கண்ணுக்குத் தப்புகின்றது. அருகிலிருப்பவர் சொல்வதும் காதில் ஏறுவதில்லை. ஊசி பிடித்தல், முடிச்சவிழ்த்தல் போன்ற நுண்ணிய கைவேலை தடுமாறுகின்றது. இது கோழைத்தனம் அன்று. ஓடவும் போராடவும் உடலை ஆயத்தமாக்கும் இயற்கையின் செயலே. இவ்வாறு நிகழும் என்று முன்னரே அறிந்தவர், நிகழும்போது அஞ்சுவதில்லை.

இதற்கு எளிய மருந்து மூச்சே. வண்டியை விட்டு இறங்கும் முன், நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, நான்கு எண்ணும் வரை நிறுத்தி, நான்கு எண்ணும் வரை விட்டு, மீண்டும் நான்கு எண்ணும் வரை நிறுத்துக. இதனை இருமுறை செய்ய அரை நிமிடமே ஆகும். கலங்கிய கையோடு ஓடி, வேண்டிய கருவியை வண்டியிலேயே விட்டுச் சென்று, அதனை எடுக்க மீண்டும் ஓடிவருவதைக் காட்டிலும் இது குறைந்த நேரமே.

அடுத்தது, இடம் பாதுகாப்பானதா என்று நோக்குதல். ஆலைத் தொழிலாளர் இதனை நன்கறிவர். கார்டிங் எந்திரத்தில் ஒருவன் கை சிக்கினால், அவனைப் பற்றியிழுக்கவே நெஞ்சம் உந்தும். பழகிய தொழிலாளியோ முதலில் மோட்டாரின் சுவிட்சை நோக்கியே ஓடுவான். ஓடும் எந்திரத்தினின்று இழுப்பது காயத்தைப் பெருக்கும். இழுப்பவனையும் எந்திரம் பற்றிக்கொள்ளும். மின்கம்பி அறுந்து கிடக்கும் இடத்துக்கும், வாயு கசியும் இடத்துக்கும் இவ்விதியே பொருந்தும். மலக்குழியில் இறங்கி மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் அடுத்தடுத்து மாண்ட செய்திகள் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அன்பினாலேயே அவர்கள் இறங்கினர். அந்த அன்பின் முன்னே "இங்கு என்ன வாயு?" என்ற ஒரு வினா நின்றிருக்குமாயின் பல குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

வரிசையின் பயன்

ஒரு பேருந்து கவிழ்ந்து இருபதின்மர் கிடக்கின்றனர். உதவியாளர் இருவரே என்று கொள்வோம். யாரை முதலிற் பார்ப்பது? உரக்கக் கூவுபவரையா? தெரிந்தவரையா? அருகில் கிடப்பவரையா? உந்துதலுக்கு இடங்கொடுத்தால் இவர்களிடமே கால் செல்லும். உரக்கக் கூவுபவருக்கு மூச்சு இருக்கின்றது என்பது அக்கூவலாலேயே விளங்குகின்றது. பேசாது கிடப்பவரே பெரும்பாலும் அவசரமானவர்.

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் லாரே என்பார், காயமுற்றோரைப் பதவியையோ நாட்டையோ நோக்காது, காயத்தின் கடுமையை நோக்கியே வரிசைப்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். தளபதிக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே வரிசை என்பது அக்காலத்தில் புரட்சியான கொள்கை. பிரித்தெடுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லினின்று வந்த ட்ரையேஜ் என்பதே இன்று இம்முறைக்குப் பெயர்.

கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரில், 1983ஆம் ஆண்டு தீயணைப்புத் துறையினரும் ஹோக் மருத்துவமனையினரும் ஸ்டார்ட் என்ற எளிய முறையை வகுத்தனர். அதன் ஒழுங்கு வருமாறு:

1. நடக்கக் கூடியவர் அனைவரும் ஓரிடத்திற்கு வருக என்று அழைக்க வேண்டும். வந்தவர்க்குப் பச்சைச் சீட்டு. அவர்கள் காத்திருக்கலாம்.

2. ஏனையோரிடம் ஒவ்வொருவராகச் சென்று, முதலில் மூச்சை நோக்குக. மூச்சில்லையாயின் தலையைச் சாய்த்து மூச்சுவழியைத் திறக்க வேண்டும். அப்போதும் மூச்சு வாராவிடின் கருப்புச் சீட்டு. வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்திற்கு 30க்கு மேற்பட்டாலும் சிவப்பே.

3. அடுத்து இரத்த ஓட்டம். மணிக்கட்டில் நாடி இல்லையாயின், அல்லது நகத்தை அழுத்தி விட்டபின் நிறம் மீள 2 நொடிக்கு மேல் ஆகுமாயின் சிவப்பு.

4. அடுத்து அறிவு. "கையை மூடித் திற" என்பது போன்ற எளிய சொல்லுக்கு இணங்க இயலாதவர்க்குச் சிவப்பு. இணங்குபவர்க்கு மஞ்சள்.

ஒருவரிடம் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கலாகாது. மூச்சுவழி திறத்தலும், பெருகியோடும் இரத்தத்தைக் கட்டுதலும் அன்றி வேறு மருத்துவம் அவ்வேளையிற் செய்யலாகாது. பிற எல்லாம் வரிசை முடிந்த பின்னரே.

கருப்புச் சீட்டு என்பது இம்முறையின் மிகக் கடிய பகுதி. தாயொருத்தி "என் மகனைப் பார் ஐயா" என்று காலைப் பிடிக்கின்றாள். மகனுக்கு மூச்சில்லை, வழி திறந்தும் வரவில்லை. உதவியாளர் இருபதின்மரும் வந்திருப்பின், அவனுக்கு நெஞ்சழுத்தம் கொடுத்திருக்கலாம். இருவரே உள்ளபோது அவனிடம் நின்றால், அப்பால் கிடக்கும் மூவர் குருதியிழந்து மாள்வர். உதவியாளர் சீட்டைக் கட்டிவிட்டு எழுந்து நடக்க வேண்டும். அந்நடை எவ்வளவு பாரமானது என்பதை நாம் சொற்களால் குறைத்துக் கூற விரும்பவில்லை. ஆயினும் ஒன்றை உணர வேண்டும்: அத்தேர்வை அவர் தம் விருப்பு வெறுப்பினாற் செய்யவில்லை. எவர் முகத்தையும் காணாத காலத்தில், எல்லார்க்கும் பொதுவாக வகுக்கப்பட்ட விதி அது. கை அவருடையது, பாரத்தை அவ்விதியும் அவரோடு சேர்ந்து சுமக்கின்றது.

பழக்கம் தரும் அறிவும் அதன் கண்ணியும்

எல்லா முடிவுகளும் எழுதிய விதியால் நடப்பன அல்ல. கேரி கிளைன் என்னும் உளவியலறிஞர் 1980களில் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தார். அவர்கள் பல வழிகளை நிறுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்வதில்லை என்று கண்டார். முன்பு கண்ட நிகழ்ச்சிகளின் சாயலை உடனே அடையாளங்கண்டு, மனத்தில் எழும் முதல் வழியை, "இது இங்கு நடக்குமா?" என்று ஓட்டிப் பார்த்துச் செயற்படுகின்றனர்.

அவர் எழுதிய ஒரு நிகழ்ச்சி படிப்பினை மிக்கது. ஒரு வீட்டின் அடுக்களையில் தீ என்று எண்ணி நீர் பாய்ச்சினர். தீ தணியவில்லை. அத்துணைச் சிறு தீக்குரிய அளவைக் காட்டிலும் வெப்பம் மிகுந்திருந்தது, ஓசையோ குறைந்திருந்தது. ஏதோ பொருந்தவில்லை என்று உணர்ந்த தலைவர், காரணம் அறியாமலே, அனைவரையும் வெளியேறச் செய்தார். சிறிது நேரத்தில் அவர்கள் நின்ற தளம் இடிந்து வீழ்ந்தது. தீ கீழறையில் எரிந்துகொண்டிருந்தது. தமக்கு ஏதோ மறைவான உணர்வு உண்டு என்று அவர் எண்ணினார். உண்மையில், காண வேண்டியது ஒன்று, கண்டது வேறொன்று என்பதை அவருடைய பழகிய புலன்கள் குறித்துக்கொண்டன. "பொருந்தவில்லை" என்று மனம் சொன்னால் நின்று நோக்குக என்பதே இதன் பாடம்.

பழக்கத்துக்கு ஒரு கண்ணியும் உண்டு. சாலையோரத்தில் ஒருவன் தள்ளாடி விழுந்து கிடக்கின்றான். வாயிற் சாராய நாற்றம், உடையோ அழுக்கு. "குடிகாரன்" என்று மனம் உடனே முடிவு கட்டுகின்றது. அவன் நீரிழிவுக்கு ஊசி போடுபவனாய், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து கிடப்பவனாய் இருக்கலாம். விழுந்ததில் மண்டையினுள் குருதி கசிந்திருக்கலாம். குடித்தவனுக்கும் இவ்விரண்டும் நேரக்கூடும். ஆகையால் விரல் நுனியிற் சிறு துளி எடுத்துச் சர்க்கரை பார்த்தல், தலையைத் தடவிக் காயம் தேடுதல், இரு கண்மணிகளையும் ஒப்பிட்டு நோக்குதல் ஆகியவற்றை ஆளை நோக்காது எல்லார்க்கும் செய்ய வேண்டும். உடையையும் தெருவையும் குலத்தையும் பார்த்து ஒரு மனிதனின் நோயை முடிவு செய்யும் பழக்கம் எத்துணைத் தீங்கு செய்யும் என்பதை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இக்கண்ணிக்குத் தப்ப ஒரு வினா போதும்: "நாம் எண்ணியது தவறாயின், வேறு என்னவாக இருக்கலாம்?" இதனை உடன் வந்தவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். வண்டியோட்டி வந்தவர் கண்டதை உதவியாளர் காணாமல் விட்டிருக்கலாம். சொல்லியதைத் திருப்பிச் சொல்லும் வழக்கமும் இன்றியமையாதது. "பிராணவாயு வை" என்றால், "பிராணவாயு வைத்தேன்" என்று மறுமொழி வர வேண்டும். வெறும் தலையசைப்பு இரைச்சலில் பிழைக்கு இடமாகும்.

வழிப்போக்கர்க்கும் ஒரு சொல். வழக்கில் சிக்குவோம் என்ற அச்சம் பலர் காலைக் கட்டியிருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு உதவுபவர்க்குப் பாதுகாப்பு எழுத்திலாயிற்று. அவ்வச்சத்தால் இனித் தயங்க வேண்டியதில்லை.

முடிவு வேறு, விளைவு வேறு

இப்போது இரண்டாம் வினாவுக்கு வருவோம்.

மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவரை எடுத்துக்கொள்வோம். நெஞ்சை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். இதனைப் பிழையின்றிச் செய்தாலும் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. வசதி மிகுந்த அமெரிக்காவிலும், அங்ஙனம் இதயம் நின்று சிகிச்சை பெறுவோரில் மருத்துவமனையினின்று உயிரோடு வீடு திரும்புவோர் பத்தில் ஒருவர் அளவே. ஆதலின் பத்து முறை முயன்ற ஓர் உதவியாளர் ஒன்பது முறை சாவைக் காண நேரலாம். சாவு நேர்ந்ததால் தம் செயல் தோற்றது என்று கணக்கிடுவாராயின், அவருடைய மனம் சில ஆண்டுகளிற் கற்பாறையாகும், அன்றேல் உடையும்.

இருவரை ஒப்பிட்டு நோக்குவோம். ஒருவர் ஒழுங்கு தவறாது எல்லாம் செய்தார், நோயாளி மாண்டார். மற்றொருவர் சர்க்கரை பார்க்காமலே ஏற்றிச் சென்றார், நோயாளி பிழைத்தார். நன்கு முடிவெடுத்தவர் யார்? உலகம் இரண்டாமவருக்கு மாலையிடும். மறுமுறை அதே அசட்டையால் ஓர் உயிர் போகும். முடிவை அவ்வேளையில் அறிந்ததைக் கொண்டும், அவ்வேளையிற் கையில் இருந்ததைக் கொண்டுமே அளக்க வேண்டும். பின்னால் மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் படம் காட்டியதைக் கொண்டு, இருட்டில் நின்றவரை அளத்தல் நீதியன்று.

இதனைச் சாக்குப்போக்காகக் கொள்ளலாகாது. ஒழுங்கில் ஒன்றை உண்மையாகவே விட்டிருப்பின், அதனை மறையாது கூறி, மறுநாளே திருத்த வேண்டும். பணி முடிந்ததும் மூன்று வினாக்களை எழுப்புக: அப்போது நாம் அறிந்தது என்ன? ஒழுங்கின்படி செய்தோமா? நாளை எதனை மாற்றுவோம்? "யாரால் நேர்ந்தது?" என்று தொடங்கும் ஆராய்ச்சியில் எவரும் உண்மை பேசார்.

பின்னர் மனத்தைப் பேணுதல்

கொடிய காட்சிக்குப்பின் சில நாள் உறக்கம் கெடுதலும், காட்சி மீண்டும் மீண்டும் தோன்றுதலும், உணவில் வெறுப்பும் இயல்பே. பெரும்பாலோர்க்கு இவை தாமே தணியும். 1983இல் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், கொடிய நிகழ்ச்சிக்குப்பின் பணியாளரை ஒருங்கு கூட்டி நிகழ்ந்தவற்றைப் படிப்படியாகப் பேச வைக்கும் முறையொன்றை வெளியிட்டார். அது பல நாடுகளிற் பரவியது. பின்னர் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2002ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடு, ஒருமுறை கூட்டிப் பேச வைத்தல் பிற்கால மனநோயைத் தடுப்பதில்லை என்று கண்டது. சிலர்க்குத் தீங்கும் கூடும் என்று தெரிந்தது. ஆகவே, பேச விரும்பாதவரை, "சொல், சொல்" என்று குடைதல் தகாது.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் பிறரோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு எளிய வழி காட்டுகின்றது: நோக்குக, செவிகொடுக்க, இணைக்க. அருகில் இருந்து, அவர்க்கு வேண்டியது நீரா, உணவா, உறக்கமா, தனிமையா என்று நோக்க வேண்டும். பேசினால் இடைமறியாது கேட்க வேண்டும். வேண்டிய துணையோடு சேர்த்துவிட வேண்டும். வீட்டிலுள்ளோர்க்கும் இதுவே வழி. வந்தவுடன் "இன்று எத்தனை பேர் செத்தார்?" என்று கேளாது, வெந்நீர் வைத்து, சோறிட்டு, உறங்க விடுக. வாரங்கள் கடந்தும் உறக்கம் திரும்பாவிடினும், குடிப் பழக்கம் தலைகாட்டினும், சாவைப் பற்றிய எண்ணம் எழுந்தாலும் மருத்துவரை நாட வேண்டும். 2022இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் என்னும் தொலைபேசிப் பணியின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

தனிமனிதர் மூச்சைப் பழகுவது மட்டும் போதுமா? போதாது. பிட்ஸ்பர்க் வரலாற்றின் பிற்பகுதி இதனைக் காட்டுகின்றது. 1975இல் நகராட்சி தன் சொந்த ஆம்புலன்ஸ் பணியைத் தொடங்கியது; ஃபிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அனுபவம் மிக்க அதன் பணியாளர் பலர், புதிய அமைப்பில் கீழான வேலைகளுக்குத் தள்ளப்பட்டும், வெளியேற நேர்ந்தும் துன்புற்றனர். குருதியையும் சாவையும் தாங்கிய நெஞ்சங்களை அவமதிப்பு வருத்தியது. ஓய்வு, முறையான ஊதியம், பிழையைச் சொன்னால் தண்டியாத மேலாளர், மரியாதை ஆகியவையும் மனநலத்தின் மருந்துகளே. இவற்றைக் கேட்டுப் பெறுதல் பணியாளரின் உரிமை. அவர்க்காகக் கேட்பது நம் அனைவரின் கடமை.

கூட்டத்திற் கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. நம் தெருவில் ஒருவர் மின்சாரம் தாக்கி விழுந்தால், முதலில் எதனை நோக்கி ஓடுவோம்? அந்தச் சுவிட்ச் எங்கே உள்ளது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

2. உடையையும் நாற்றத்தையும் கண்டு ஒருவரின் நோயை முடிவு செய்த நிகழ்ச்சியை நாம் கண்டதுண்டா? அங்கு எவ்வினாவைக் கேட்டிருக்க வேண்டும்?

3. ஒழுங்கு தவறாது உழைத்தும் ஓர் உயிரை இழந்து வந்த பணியாளர்க்கு, நாம் சொல்லத் தக்க சொல் யாது? சொல்லாது விடத் தக்கது யாது?

மூன்றாம் வினாவுக்குப் புத்தகத்தில் விடை தேட வேண்டியதில்லை. அப்பணியிலுள்ள ஒருவரை அடுத்த கூட்டத்திற்கு அழைத்து, அவர் விரும்பினால் பேசுமாறு விட்டு, நாம் செவிகொடுத்து அமர்ந்திருப்போமாக.